களரி பெருக்கியவன்

நாற்காலி வேண்டாம் ஐயா, தரையில் உட்கார்ந்தே பழகிவிட்டது. ஏட்டையா விரித்த சாக்கும் வேண்டாம், எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தேக்கு நாற்காலிகள் உண்டு. என் தம்பி அவற்றில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டுவான். நான் அவற்றைத் தொடுவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை என்பது என்னிடம் அறவே கிடையாது. தென்காசியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அடித்தாயா இல்லையா என்று ஒற்றை வார்த்தையில் கேட்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன், யாரும் என் கையை முறுக்க வேண்டியதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சொன்னாலும் எவ்வளவு புரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அதையே நிமிஷத்துக்கொரு தரம் பார்த்துக்கொள்கிறவருக்குப் பணிவைப் பற்றி என்ன சொல்லி விளக்குவது?

என் பெயர் வீரபாகு. மேலகரத்திலும் இலஞ்சியிலும் எங்களுக்கு நிலம் உண்டு. கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நான். குடியரசு ஆன வருஷத்தில் ஒலி முகம்மது ஆசானின் களரியில் போய்ச் சேர்ந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால், அவர் வீட்டை ஒட்டி, ஓலைக்கூரை போட்ட இடம். செம்மண் தரை. எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கம்பு சொல்லிக்கொடுப்பார். 

சேர்ந்த அன்றைக்கே நான் வாரியலைக் கையில் எடுத்துவிட்டேன். மற்றவர்கள் கம்பை எடுக்க முண்டினார்கள், நான் தரையைப் பெருக்கினேன். எங்கள் வீட்டு வாசலை நான் ஒரு நாளும் பெருக்கியதில்லை, அதற்கு ஆள் இருந்தது. களரியைப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் பெருக்கினேன். காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட எழுந்து போனேன், அந்த வாரியலை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக.

உடன் படித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். நாலு வீச்சு கை வந்ததும் மீசையைத் தடவ ஆரம்பித்துவிடுகிற கூட்டம். ஒருவன் புளியறைச் செக்போஸ்டில் லாரிக்காரனிடம் வம்புக்குப் போய் முன்பல்லைக் கொடுத்துவிட்டு வந்தான். அவனும் சிலம்பம் படித்தவன்தான். இவர்களையெல்லாம் நான் வெறுக்கவில்லை. வெறுப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா?

ஆசானிடம் ஒரு விதி உண்டு. கம்பைத் தொடுவதற்கு முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். யார் காலையும் யாரும் தொடக் கூடாது, அவர் காலையும் சேர்த்து. படைத்தவனைத் தவிர யார் முன்னாலும் குனியாத மனிதர், தன் முன்னாலும் யாரும் குனிவதை விரும்பமாட்டார். நான் முதல் நாளே அவர் காலைத் தொட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏலே வீரபாகு, எங்காலத் தொடாதன்னு சொன்னேம்லா? மண்ணத் தொடு. ஒன்னையும் என்னையும் அதுதான் தாங்குது."

மறுநாளும் தொட்டேன். அதற்கு மறுநாளும் தொட்டேன். பணிவு என்று வந்துவிட்டால் குருவின் பேச்சைக்கூடக் கேட்கக் கூடாது என்பது என் கொள்கை. கடைசியில் அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டார். என் பணிவுக்கு முன்னால் அவரே தோற்றார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இனி சுந்தரபாண்டி. இலஞ்சியில் எங்கள் வயலைக் குத்தகைக்கு உழுதவரின் மகன். களரிக்கு வெளியே அவன் அப்பா என்னைச் 'சின்னையா' என்று கூப்பிட்டு, தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டுவார். களரிக்குள்ளே இவன் என்னை 'அண்ணாச்சி' என்றான். உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் அண்ணன் தம்பி என்பது ஆசானின் ஏற்பாடு. நான் பொறுத்துக்கொண்டேன். ஆசானையே அவன் 'மாமா' என்றுதான் கூப்பிட்டான். அவரும் 'என்ன மருமகனே' என்பார். ஒரு களரியில் இப்படிப் பேசிக்கொண்டால் அது களரியா, கல்யாண வீடா?

வயலில் சேறு மிதித்துவிட்டு அப்படியே வருவான். நான் பெருக்கி வைத்த தரையில் அவன் கால் சேறு பதியும். சில நாள் தரையைத் தொட்டு வணங்குவதையே மறந்துவிட்டுக் கம்பை எடுத்துவிடுவான். பாதி ஆட்டத்தில் நினைவு வந்து, 'ஐயையோ' என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தொட்டுக்கொள்வான். ஆசானும் சிரிப்பார். நான் ஒரு நாளும் மறந்ததில்லை. என்னைப் பார்த்து அவர் சிரித்ததும் இல்லை.

பணிவுள்ளவன் ஜெயிக்கக் கூடாது. நான் ஜெயித்ததில்லை. சுந்தரபாண்டியோடு ஆடிய அத்தனை ஆட்டத்திலும் நான்தான் தோற்றேன். அத்தனையும் நானாக விட்டுக்கொடுத்தது. இதை ஏட்டையாவை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதியதை ஒரு தரம் எனக்கு வாசித்துக் காட்டட்டும்.

இந்த வேலையில் கம்புக்கு மேலே ஒன்று இருக்கிறது. உடம்பில் சில இடங்கள் உண்டு, தெரிந்தவனுக்கு விரலே போதும். வர்மம் என்பார்கள். அடிக்கத் தெரிந்தால் மட்டும் ஆகாது, அடிபட்டவனை எழுப்பவும் தெரியவேண்டும். அதற்கு இளக்குமுறை என்று பெயர். பொழுது அடைவதற்குள் இளக்கிவிட்டால், விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து சோறு தின்பான். பொழுது அடைந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

இதை ஆசான் எல்லாருக்கும் கொடுக்கமாட்டார். ஒரே ஒருவனுக்குத்தான். அவருடைய ஆசான் அவருக்குக் கொடுத்ததும் அப்படித்தானாம். பலசாலிக்குக் கிடையாது, கெட்டிக்காரனுக்கும் கிடையாது. வருஷக்கணக்கில் வைத்துப் பார்த்து, எவனிடம் பணிவு ஊறியிருக்கிறதோ அவனுக்குத்தான். இது எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சேர்வதற்கு முன்பே தெரியும்.

சோதித்துப் பார்த்தார். ஒரு தடவை, தைலம் காய்ச்சுகிற கரிப்பிடித்த அண்டாவை என் தலையில் ஏற்றி, ஈயம் பூசுகிறவனிடம் கொண்டுபோகச் சொன்னார். பின்பக்கத்துச் சந்து வழியாகப் போனால் கொஞ்ச தூரம்தான். நான் ரதவீதி வழியாகச் சுற்றிப் போனேன். என் சித்தப்பா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மண்டகப்படிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைப்போல வேறு எப்போதும் இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசானுக்குக் கை நடுக்கம் வந்தது. டீ கிளாஸைப் பிடித்தால் பாதி வேட்டியில் கொட்டும். கட்டுப் போடுகிற வேலை நின்றது. அந்தச் சமயத்தில்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வர்மத்தைச் சொல்லிக்கொடுத்தார். தரையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்.

"எதிரியா இருந்தாலும் சரி, விழுந்து கெடந்தா நீதான் எழுப்பணும். அவன் வாய் தொறந்து கேக்கதுக்கு முந்தி ஒன் கை போயிருக்கணும். கேக்கட்டும்னு நிக்கவனுக்கு இது ஆகாதுலே."

சத்தியம் செய்தேன். அதை மதிக்கிறவன்தான் நான். ஆனால் ஆசான் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. கேளாமல் கொடுத்தால் வாங்குகிறவனுக்குப் பணிவு எங்கிருந்து வரும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் கேட்டா வாங்கினேன் என்று சொல்லாதீர்கள். பத்து வருஷம் பெருக்கினேனே, அதுவே கேட்டதுதான்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். வருஷந்தோறும் சாரல் இறங்கியதும் களரியில் உள்ளவர்கள் எல்லாரும் ஆசானோடு குற்றாலத்துக்குப் போவோம். தோப்பில் ஒரு வேளை ஆட்டம், பிறகு எண்ணெய், பிறகு அருவி, பிறகு சாப்பாடு. இந்த வருஷமும் போனோம். மலை முகட்டை மேகம் மூடியிருந்தது, தோப்பு முழுக்க நசநசவென்று தூறல். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சுந்தரபாண்டியும் நானும் ஆடினோம். வழக்கம்போல நான் விட்டுக்கொடுத்தேன். என் கம்பு கைநழுவி வாழை மூட்டில் போய் விழுந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை. கம்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னான்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய. நீங்க விட்டுக்குடுத்து ஆடுதேன்னு சொல்லுதியளாமே, அது வேண்டாம். எதிர்ல நிக்கவன மதிச்சா முழுசா ஆடணும். நான் ஒங்கட்ட முழுசாத்தான் ஆடுதேன். தோத்தா தோத்தேம்னு சொல்லிட்டுப் போவோமே, என்ன கொறஞ்சு போச்சு?"

யோசித்துப் பாருங்கள் ஐயா. எனக்கு, பணிவைப் பற்றி, குத்தகைக்காரன் மகன் சொல்கிறான். நான் புன்னகை செய்தேன். அத்தோடு போயிருந்தாலும் போயிருக்கும். ஆசான் கல்லில் உட்கார்ந்திருந்தவர், நடுங்குகிற கையால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்குத்தான் மொதல்ல இவன்ட்டயே கேட்டேன். 'வர்மம் படிக்கியாடா மருமகனே'ன்னு. வேண்டாம்னுட்டான்."

"நான் கோவக்காரன் மாமா," என்றான் சுந்தரபாண்டி. "வரப்புச் சண்டையில எவன் மேலயாவது கை வச்சிருவேன். எனக்கு என்னயத் தெரியும்லா. அண்ணாச்சிக்குத்தான் கோவமே வராதே, அதான் அவுகளுக்குக் குடுங்கன்னேன்."

என் கையில் இருந்தது அவன் வேண்டாம் என்று தள்ளியது என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவும் அவன் சிபாரிசில் வந்தது. அவன் இலையில் மிஞ்சியதை எனக்குப் பரிமாறியிருக்கிறார்கள், நான் அதைத் தரையைத் தொட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னானே, அதற்கு எவ்வளவு திமிர் வேண்டும் பாருங்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது சரிதான், எனக்குக் கோபமே வராது. அவனுக்குப் பணிவைக் கற்பிக்க அங்கே என்னை விட்டால் ஆள் இல்லை என்று மட்டும் தோன்றியது. ஆசான் அந்த வேலையைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

எண்ணெய் தேய்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. இளையவன் மூத்தவனுக்குத் தேய்த்துவிடவேண்டும். சுந்தரபாண்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான். நான் அதை வாங்கிக்கொண்டு, 'நீ உட்காரு தம்பி, இன்றைக்கு நான் தேய்த்துவிடுகிறேன்' என்றேன்.

அவன் கூச்சப்பட்டான். "அய்ய, நீங்க போயி எனக்கா? வேண்டாம் அண்ணாச்சி, பாக்கவுக என்ன சொல்லுவாக?"

தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். பிச்சைமணி என்று களரியில் ஒருவன், பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. "பெரிய வீட்டுப் புள்ளையப் பாருல. குத்தகைக்காரன் மகனுக்கு முதுகு தேய்க்காரு. இந்தக் கொணம் யாருக்குலே வரும்?" இன்னொரு கை எண்ணெய் எடுத்தேன். சுந்தரபாண்டி கழுத்தை நன்றாகக் குனிந்து காட்டினான். எண்ணெய்க்காகக் குனிந்தான், எனக்காக இல்லை. அதுதான் இடம். விரலை வைத்தேன். 'போதும் தம்பி, போய்க் குளி' என்றேன்.

எழுந்து அருவியைப் பார்த்து நடந்தான். தண்ணீர் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்தான். பாறையில் வழுக்கிவிட்டது என்று எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அங்கே பட்டால் இரண்டு கையும் தோளோடு செத்துவிடும், விரல்கூட அசையாது. நாக்கு புரளாது. கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகாது, எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஆசான் இதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி வியப்பாக இருந்தது. இவ்வளவு நன்றாகப் பேச்சைக் கேட்கவைக்கிற அடி வேறு கிடையாது.

வண்டியில் போட்டு இலஞ்சிக்கு அவன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வாதம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆசான் பின்னாலேயே வந்துசேர்ந்தார். அவனுடைய கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்துவந்து என் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"நீ தொட்ட எடம் எனக்குத் தெரியுதுலே. அதப் பெறவு பேசுவோம். மொதல்ல இளக்கு."

அவரே முயன்றுதான் பார்த்தார். இளக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தால் விரல் நிற்கவில்லை, நடுங்கி நடுங்கி விலகியது. தன் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தார், அப்போதும் நிற்கவில்லை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஒரு ஆசான் இத்தனை பேர் முன்னால் தன்னை இப்படிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"வீரபாகு தம்பிக்குத் தெரியும், அவரு எழுப்பிருவாரு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் வழிவிட்டார்கள். நான் போய் அவன் காலடியில் உட்கார்ந்தேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டார்கள், வேண்டாம் என்று தரையில்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி பேச்சித்தாய் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "சின்னையா, எனக்குத் தாலிப்பிச்சை போடுங்க. தெரியாத்தனமா எதும் பேசியிருந்தா மன்னிச்சுக்கிடுங்க. ஒரு மட்டம் கை வையுங்க சின்னையா." அவள் கும்பிட்டது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அவளிடம் எனக்கு என்ன வழக்கு? அவள் எப்போதும் என்னைக் கும்பிடுகிறவள்தான். அவன் அப்பாவும் மூலையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பாடம் அவர்களுக்கு இல்லை.

மேற்கே மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆசான் என் எதிரில் வந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வீரபாகு, நான் ஏமாந்துட்டேன். ஒங்குனிஞ்ச தலையப் பாத்தேன், அதுக்குள்ள என்ன இருந்துன்னு பாக்கல. தப்பு எம்மேல. அவன் உசிரத் திருப்பிக் குடுத்துருலே."

சொல்லிவிட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். நடுங்குகிற கையை நீட்டி, என் பாதத்துக்கு முன்னால் இருந்த தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். களரியில் கம்பெடுப்பதற்கு முன்னால் செய்கிற வணக்கம். எனக்குச் செய்தார். ஒலி முகம்மது ஆசான், என் முன்னால், மண்ணைத் தொட்டார்.

நான் பதறிப்போய் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினேன். குரு குனிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது, என் சுபாவம் அப்படி. அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டேன். பிறகு மறுபடி உட்கார்ந்து சுந்தரபாண்டியின் முகத்தையே பார்த்தேன். பொழுது அடைந்தது. மறுநாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

ஆசான் உங்களிடம் வந்து சொன்னது அத்தனையும் உண்மை. இன்று காலை உங்கள் ஆட்கள் வந்தபோது நான் களரியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். யாரும் ஆட வரவில்லை என்றாலும் பெருக்கத்தான் வேண்டும். கைவிலங்கு மாட்டும்போது அந்தக் கான்ஸ்டபிளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நானே குனிந்துகொடுத்தேன். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். சுந்தரபாண்டியை அடித்தது நான்தான். தெரிந்தே அடித்தேன். எழுப்பத் தெரிந்தும் எழுப்பவில்லை. கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. பொழுது அடைகிற வரைக்கும் அவன் காலடியில் வெறுந்தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். இரண்டு கையையும் சேர்த்து ஒரே ஒரு கும்பிடு போட்டிருந்தால் போதும், அப்போதே எழுப்பியிருப்பேன். கண்ணை மட்டும் என்மேல் வைத்துக்கொண்டு கிடந்தான். அவ்வளவு கர்வம் ஐயா அவனுக்கு, கடைசிவரை கையைத் தூக்கவே இல்லை.